மயக்கத்தில் கிடப்பவருக்கு மானம் உண்டா?

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் போனார். முடிந்தபின் மருத்துவர் சொல்லப்போகும் அறிவுரை மயக்கக் கலக்கத்தில் மறந்துவிடும் என்று கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தார். மயக்க மருந்து ஏறி அவர் நினைவிழந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் போட்டுக் கேட்டார். அவர் மயங்கிக் கிடந்த நேரத்தில் மயக்கவியல் மருத்துவரும் உடனிருந்தவர்களும் அவரை எள்ளி நகையாடியது அதில் பதிவாகியிருந்தது. அவருக்கு இல்லாத ஒரு நோயைக் குறிப்பில் எழுதுவதைப் பற்றிய பேச்சும் இருந்தது. வழக்குப் போட்டார். 2015இல் ஜூரிகள் அவருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள்.

கைப்பேசி அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போயிருப்பார். வலி இல்லை, இழப்பு இல்லை, நினைவும் இல்லை. அப்படியானால் அவருக்குத் தீங்கு நடந்ததா, நடக்கவில்லையா? நடந்தது என்று நெஞ்சு உடனே சொல்கிறது. ஆனால் யாருக்கு நடந்தது? அந்த நேரத்தில் அவமானத்தை உணர அங்கே யாரும் இல்லையே.

மெய்யியல் வகுப்பில் பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. உலகெங்கும் அறுவை அரங்குகளில் நாள்தோறும் எழும் கேள்வி. அதற்குச் சொல்லில் விடை தேடியவர்கள் பலர். கையால் விடை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் செவிலியர்கள்.

மேலை மெய்யியலில் இதைக் கூர்மையாக எழுப்பியவர் ஜான் லாக். ஒருவர் அதே ஆளாக நீடிப்பது அவருடைய உணர்வின் தொடர்ச்சியால்தான் என்றார் அவர். விழித்திருக்கும் சாக்ரடீசும் உறங்கும் சாக்ரடீசும் ஒரே உணர்வைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் இருவரும் ஒரே ஆள் அல்லர் என்கிற அளவுக்கு அந்த வாதத்தைக் கொண்டுபோனார். அது அவருடைய நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த பகுதி. அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு, 1668இல், இதே லாக் ஓர் அறுவை சிகிச்சையை மேற்பார்வையிட்டவர். அவரை ஆதரித்த ஆஷ்லி பிரபுவின் கல்லீரலில் சீழ்க்கட்டி. வயிற்றைத் திறந்து சீழை வடித்து, தொடர்ந்து வடிவதற்கு ஒரு வெள்ளிக் குழாய் பொருத்தினார்கள். பிரபு பிழைத்தார். தம் உயிரைக் காத்தவர் லாக் என்றே கடைசிவரை நம்பினார்.

அந்த அறுவையின்போது ஆஷ்லி விழித்திருந்தார். வேறு வழி இல்லை. ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுக்கலாம் என்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் காட்டிய நாள் 1846 அக்டோபர் 16. ஆக, மருந்து கொடுத்து ஒரு மனிதரின் உணர்வை முழுதாக அணைத்து, பிறகு திரும்ப ஏற்றுவதை லாக் கண்டதில்லை. கண்டிருந்தால் உணர்வின் தொடர்ச்சி பற்றிய அவருடைய வாதம் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி உறக்கத்தை வைத்து எழுந்தது. மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று மூன்றையும், அவற்றைத் தாண்டிய நான்காவது ஒன்றையும் பேசுகிறது. உறங்கி எழுந்தவர் ஒன்றும் அறியாமல் சுகமாகத் தூங்கியதாகச் சொல்கிறாரே, அந்தச் சுகத்தையும் அறியாமையையும் கண்டது யார் என்று அத்வைதிகள் கேட்டார்கள். ஒரு சாட்சி விழித்திருந்ததால்தான் அந்த நினைவு சாத்தியம் என்பது அவர்கள் வாதம். மயக்க மருந்து இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை வைக்கிறது. மயக்கம் தெளிந்தவர்களில் பலருக்குத் தூங்கிய உணர்வே இருப்பதில்லை. நேரம் போனதே தெரிவதில்லை. மூன்று மணி நேர அறுவை முடிந்து வெளியே வந்தபின், “எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பாங்க?” என்று கேட்கிறவர்கள் உண்டு.

இந்த இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார் அதிகம் உதவுகிறார். சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவது, உடலுக்குள் உயிர் என்று தனியே ஒன்று உண்டா என்பதைப் பேசுவது. உறங்குகிற உடலில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது உண்பதில்லை, வினை செய்வதில்லை. ஆகவே மூச்சையே உயிர் என்று சொல்ல முடியாது என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று. அறுவை அரங்கில் தசைத் தளர்வு மருந்து கொடுத்தபின் மூச்சையும் இயந்திரம்தான் விடுகிறது. அப்போதும் அங்கே கிடப்பவர் ஓர் ஆள்தான் என்று நாம் நடந்துகொள்கிறோம் என்றால், மெய்கண்டார் பிரித்துக் காட்டிய அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று பொருள்.

அதைவிட முக்கியமானது அதே சூத்திரத்தில் வரும் இன்னொரு காரணம். உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறிகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆனாலும் வெளிச்சம் வேண்டும் என்று சைவ சித்தாந்திகள் இதை விளக்குவார்கள். எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் தன்மையைப் பெறுவதே உயிரின் இயல்பு என்பது அவர்கள் கொள்கை. மனிதரின் மாண்பு அவருடைய சுயேச்சையில் இருக்கிறது, தானே அறிந்து தானே முடிவெடுப்பதில் இருக்கிறது என்று வாதிடுபவர்களுக்கு மயங்கிக் கிடப்பவர் ஒரு சங்கடம். அவரிடம் அந்தச் சுயேச்சை இல்லை. சித்தாந்தத்துக்கோ அவர் ஒரு விதிவிலக்கே அல்ல. நடமாடும்போதும் பிறரால், பிறவற்றால் அறிவிக்கப்பட்டே அறிந்தவர் அவர். இப்போது சார்பு கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் பார்வையே சரி என்று இக்கட்டுரை கருதுகிறது. அதற்கு ஆதாரம் ஏடுகளில் இருப்பதைவிட வார்டுகளில் அதிகம் இருக்கிறது.

அறுவைக்கு முந்தைய மாலையிலிருந்தே பார்க்கலாம். எந்த மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சர்க்கரை எவ்வளவு, பல் ஆடுகிறதா, பல்செட் உண்டா, முன்பு எப்போதாவது மயக்க ஊசி போட்டிருக்கிறார்களா என்று செவிலியர் கேட்டு எழுதுகிறார். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்கிறார். நம் ஊர் நோயாளிக்கு இது பழகிய விஷயம். “விரதம்னு நெனச்சுக்கோங்கம்மா” என்றால் போதும். காரணம் வேறு. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பிரசவ நேரத்து மயக்கத்தில் இது நடப்பதை 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விரிவாக எழுதினார். இன்றைய வழிகாட்டு நெறிகளின்படி எளிய உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி போதும். ஆனாலும் முந்தைய இரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லாமல் மறுநாள் மதியம்வரை கிடக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அரங்குக்குப் போன் போட்டு, “இவங்க கேஸ் எத்தனை மணிக்கு சார்? தண்ணி குடுக்கலாமா?” என்று கேட்கும் செவிலியர், அந்த முதியவர் கேட்கத் தயங்குவதைத் தாம் கேட்கிறார்.

பிறகு நகைகள். வளையல், தோடு, மூக்குத்தி, மெட்டி, எல்லாம் கழற்றப்பட வேண்டும். மின்சாரத்தால் சதையை வெட்டி இரத்தத்தை நிறுத்தும் கருவி பயன்படும்போது உடலில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுடக்கூடும். பெரும்பாலான பெண்கள் இதுவரை பேசாமல் கழற்றிக் கொடுப்பார்கள். தாலி என்றதும் கை நின்றுவிடும். கணவர் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போது தாலியை இறக்குவது அபசகுனம் என்ற அச்சம் மருத்துவ விளக்கத்தால் தீராது. அனுபவமுள்ள செவிலியர் அங்கே வாதாடுவதில்லை. ஒரு மஞ்சள் கயிறு வரவழைத்து முதலில் அதைக் கட்டச்சொல்லி, அதன்பின் பொன்னைக் கழற்றி, உறவினர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம். அந்தப் பெண் இன்னார் என்று ஊருக்குச் சொன்ன பொருள்கள் ஒவ்வொன்றாகப் போய், பொட்டும் போய், கண்ணாடியும் போய், பச்சை அங்கியும் மணிக்கட்டுப் பட்டையும் மட்டும் மிஞ்சுகிற நேரத்தில், அவருக்கு எது முக்கியமோ அதை ஒருவர் புரிந்துகொண்டார் என்பது சிறிய விஷயம் அல்ல.

பேச்சும் இந்தப் பராமரிப்பில் சேர்ந்ததுதான். பாஸ்டனில் 97 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1964இல் வெளிவந்தது. ஒரு பாதியினரை முந்தைய நாளே சந்தித்து, எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், எப்படிப் புரண்டு படுத்தால் குறையும் என்று எடுத்துச் சொன்னார்கள். மற்றவர்களிடம் வழக்கம்போல் நடந்துகொண்டார்கள். விளக்கம் பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பிறகு தேவைப்பட்ட வலி மருந்து ஏறத்தாழப் பாதி. வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் சராசரியாக 2.7 நாள் முன்னதாக. மயங்குமுன் காதில் விழுந்த சொல், மயக்கத்தைக் கடந்து மறுகரையில் வேலை செய்திருக்கிறது.

இனிச் சம்மதப் படிவத்தில் போடும் கையெழுத்து. நினைவு இருக்கும்போது ஒருவர் சொன்ன சொல், நினைவு போனபின் எவ்வளவு தூரம் செல்லும்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1979இல் சாலை விபத்தில் சிக்கிய ஒரு பெண் நினைவின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். எந்த நிலையிலும் தமக்கு இரத்தம் ஏற்றக் கூடாது என்று எழுதிய அட்டை அவருடைய பையில் இருந்தது. அதைக் கண்டெடுத்தவர் ஒரு செவிலியர். மருத்துவரிடமும் காட்டினார். உயிர் போய்விடும் என்று கருதிய மருத்துவர் இரத்தம் ஏற்றினார். பெண் பிழைத்தார், வழக்குத் தொடுத்தார், வென்றார். 20,000 டாலர் இழப்பீட்டை 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. மருத்துவர் திறமையாகவே செயல்பட்டார், உயிரையும் காத்தார். ஆனாலும் அவர் கடந்தது ஒரு மனிதரின் விருப்பத்தை என்றது நீதிமன்றம். அந்த விருப்பம் அப்போது எங்கே இருந்தது? அவருடைய மூளையில் அல்ல, பைக்குள் இருந்த அட்டையில்.

டெல்லியில் 1995இல் நடந்தது இதைவிடக் கசப்பானது. மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயங்கிக் கிடக்கும்போதே வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சிறிது நேரத்தில் விழிக்கப்போகிற வயதுவந்த பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதம் சொல்ல முடியாது, விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது. குடும்பமே ஆளின் சார்பில் முடிவெடுத்துப் பழகிய நாட்டில் இது பெரிய சொல். சித்தாந்தம் பேசும் சார்பை, பெற்றோரும் மருத்துவரும் நோயாளியின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் உரிமையாக வாசித்துவிடக் கூடாது என்பதற்கும் இந்த வழக்குச் சாட்சி. பிறரைச் சார்ந்து கிடப்பவர் பிறருடைய உடைமை ஆகிவிடுவதில்லை.

அரங்குக்குள் நுழையுமுன் செவிலியர் மறுபடியும் கேட்பார்: “உங்க பேரு என்னங்க? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்?” நோயாளிக்கு எரிச்சல் வரும். எத்தனை தடவைதான் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலின் தொடக்கமே இந்தக் கேள்விகள்தான். மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், அரங்கைவிட்டு வெளியேறுமுன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்திருந்தன. ஆனால் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இதைக் கட்டாயமாக்கியபின் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். காகிதத்தில் டிக் போடுவது வேறு, ஒருவர் நின்று உரக்கக் கேட்டு விடைக்குக் காத்திருப்பது வேறு.

மயக்கம் ஏறியபின் நடப்பவை வெளியாருக்குத் தெரிவதில்லை. இமைகளை மூடி மெல்லிய பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். ஒட்டாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். முழங்கையின் உட்புறத்தில் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. கை மேசையின் விளிம்பில் மூன்று மணி நேரம் அழுந்தினால் சுண்டுவிரல் மரத்துப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதனால் அங்கே ஒரு மெத்தை. குதிகாலுக்கு அடியில் ஒன்று. உடல் குளிராமல் போர்வை. அறுக்கும் இடம் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை. உள்ளே போன பஞ்சுத் துணிகளை இருவர் சேர்ந்து எண்ணுகிறார்கள், வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணுகிறார்கள். நாமாக இருந்தால் கை வலித்ததும் நகர்த்திக்கொள்வோம். இங்கே வலி எழுவதற்கு முன்பே வேறொருவர் அதை நினைத்துப் பார்த்து நகர்த்திவைக்கிறார். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன், உணர்வற்றவருக்குச் சிறிது காலம் உணர்வாக இருப்பவர் என்றே செவிலியரை விவரித்தார். உயிர் அறிவிக்க அறியும் என்ற மெய்கண்டாரின் கருத்தோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது! இருவரும் ஒருவரையொருவர் அறிய வழியில்லாதவர்கள்.

மயங்கியவர் உண்மையிலேயே முழுதாக இல்லாமல் போகிறாரா என்பதும் உறுதியான சேதி அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு, முழு மயக்கத்தின் நடுவே விழித்ததாகப் பின்னால் சொன்னவர்கள் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்று 2014இல் கண்டது. மிக அரிது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 1977இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் வேறொன்று செய்திருந்தார். தசைத் தளர்வு மருந்து ஒரு முன்கையை மட்டும் எட்டாதபடி பட்டை கட்டித் தடுத்துவிட்டு, மயங்கியிருந்தவரிடம் என் விரலை அழுத்துங்கள் என்று கேட்டார். சிலருடைய கை அழுத்தியது. இம்முறையைப் பிறகு பயன்படுத்திய ஆய்வுகளிலும் கை அழுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு எழுந்தபின் எதுவும் நினைவில்லை. நினைவில் இல்லாததால் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? வர்ஜீனியா அறையில் சிரித்தவர்கள் தங்கள் சிரிப்பைக் கேட்பார் யாரும் இல்லை என்று அவ்வளவு உறுதியாக நம்பியிருக்கக் கூடாது.

அறுவை முடிந்து தெளிவு அறை. அரங்கை ஒட்டிச் சில மருத்துவமனைகளில் இப்படி ஒரு சிறு அறை இருப்பதைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863லேயே குறித்திருக்கிறார். அங்கே செவிலியர் செய்யும் முதல் வேலை பெயர் சொல்லி அழைப்பது. “செல்வியம்மா, கண்ணைத் திறங்க. ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. நல்லா மூச்சை இழுத்து விடுங்க.” பதில் இல்லை என்றால் தோளைத் தட்டி மறுபடி. கை கால் அசைகிறதா, மூச்சு எப்படி, இரத்த அழுத்தம் எவ்வளவு, கூப்பிட்டால் விழிக்கிறாரா, நிறம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்வரை போட்டு மொத்தம் 10க்குக் கணக்கிடும் முறையை 1970இல் ஆல்ட்ரெட்டே என்ற மருத்துவர் வகுத்தார். இன்று நிறத்தின் இடத்தை விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு பிடித்துக்கொண்டது. 9 வந்தால் வார்டுக்கு அனுப்பலாம். லாக் தேடிய அந்தத் தொடர்ச்சி இங்கே இன்னொருவரின் குரலால் திரும்ப முடிச்சிடப்படுகிறது.

வார்டில் பின்னிரவு. இருமச் சொல்வார்கள். தையல் பிய்ந்துவிடும் என்று நோயாளி பயப்படுவார். வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுப்பார்கள். இருமாவிட்டால் சளி தங்கி நுரையீரல் சுருங்கும். மறுநாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். வயிற்று அறுவை செய்தவரிடம் காலை, மாலை ஒரே கேள்வி: “காத்து பிரிஞ்சுதா?” நாலு பேர் முன்னால் ஒரு குடும்பத் தலைவரிடம் இதைக் கேட்டால் கூனிக் குறுகிப்போவார். ஆனால் குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அதைவிட நல்ல சேதி இல்லை. அதைக் கூச்சமின்றிக் கேட்டு, பதில் கேட்டு முகம் மலர்கிறவர் செவிலியர்.

அருவருப்பைப் பற்றிச் சமயங்கள் பேசியவற்றில் பௌத்த விநய நூலான மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சியை விஞ்சியது இல்லை. வயிற்றுப்போக்கில் விழுந்து தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் காண்கிறார். உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்கிறார். நான் அவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைப் பார்ப்பதில்லை என்கிறார் பிக்கு. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாகப் பிடித்துக் கட்டிலில் கிடத்துகிறார்கள். நோயாளியைக் கவனிப்பது என்னைக் கவனிப்பதே என்று பிக்குகளிடம் புத்தர் சொல்கிறார். நல்ல பணிவிடையாளருக்குரிய ஐந்து தகுதிகளையும் எண்ணிச் சொல்கிறார். மலம், சிறுநீர், வாந்தி, சளியை எடுக்க அருவருக்காமை அவற்றில் ஒன்று. நிலையான ஆன்மா என்று எதுவும் இல்லை என்று போதித்தவர் இவர். உள்ளே ஓர் உயிர் உண்டு என்பதால்தான் உடலை மதிக்க வேண்டும் என்ற வாதம் அவருக்குத் தேவைப்படவில்லை. மெய்கண்டாரும் புத்தரும் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள். கட்டிலருகே வந்தால் இருவர் வழியிலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அருகிருந்து பணிவிடை செய்பவரையும் மருத்துவத்தின் அங்கமாக வைக்கிறது. பரிமேலழகர் அவருக்கு நான்கு தகுதிகள் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்த் தூய்மை, சொன்னபடி செய்து முடிக்கும் வன்மை, அறிவு. ஆயுர்வேத ஆசிரியர் சரகரின் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. ஏட்டில் இவ்வளவு உயரத்தில் வைத்த சமூகம், நாட்டில் என்ன செய்தது? அயலாரின் உடலையும் கழிவையும் தொடும் வேலை தீட்டு என்றது. மிஷனரிகள் செவிலியர் பள்ளிகளைத் தொடங்கியபோது மேல்சாதிக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள். வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கி, 1946இல் அதைப் பட்டப்படிப்பாக உயர்த்தியது. உயிர் எங்கே இருக்கிறது என்று நூற்றாண்டுகளாக வாதிட்டவர்கள், அந்த உயிர் குடியிருக்கும் உடலைக் கழுவும் வேலையைப் பிறருக்குத் தள்ளிவிட்டார்கள். இது நம் மெய்யியல் மரபின் மேல் உள்ள கறை. வேறு மென்மையான சொல் பொருந்தாது.

மும்பையின் கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015 மே மாதம் இறக்கும்வரை படுக்கையில் கிடந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைத்தவர்கள் அம்மருத்துவமனையின் செவிலியர்கள். தாக்குதல் நடந்தபோது பிறந்தேயிராத பெண்களும் அவர்களில் இருந்தார்கள். கருணைக் கொலைக்கான மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, இத்தனை ஆண்டு படுக்கையிலும் அவர் உடலில் படுக்கைப்புண் இல்லை என்பது நீதிபதிகளின் கவனத்தில் இருந்தது. செயலற்ற கருணைக் கொலைக்கு வழிவிட்ட தீர்ப்பும் அதுவே. அவர் அப்படி வாழ்ந்திருக்க வேண்டுமா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு. அவர் அங்கே இருந்தாரா என்று அந்தச் செவிலியர்களிடம் கேட்டிருந்தால் கேள்வியே அவர்களுக்குப் புரிந்திருக்காது.

இப்படிப்பட்டவர்களை நாம் வெண்ணிற ஆடைத் தேவதைகள் என்கிறோம். அந்தப் புகழ்ச்சி ஆபத்தானது. தேவதைக்குச் சம்பளம் வேண்டியதில்லை, தூக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் தேர்வெழுதி ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே கிடைத்துவந்தது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பரிமேலழகர் அன்போடு நிறுத்தாமல் அறிவையும் வன்மையையும் சேர்த்ததை இங்கே நினைக்க வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்கு நாடி 90இலிருந்து 120க்கு ஏறுவதையும் சிறுநீர் குறைவதையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிகிறது என்று மருத்துவரை எழுப்புவது பக்தியால் மட்டும் வருவதல்ல. படிப்பும் வேண்டும். அந்தப் படுக்கையருகே போய் நிற்க நேரமும் வேண்டும்.

நேரம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் 2.3 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 4.2 லட்சம் பேரை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்விலும் அதே 7 சதவீதம். நம் அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதையும் ஓரிருவர் ஓடி ஓடிப் பார்ப்பதை அறியாதவர் இல்லை. கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாக்கி 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி அறுவை அரங்கில் நோயாளி ஒருவருக்குக் குறைந்தது ஒரு செவிலியர். மயக்கம் தெளியும் அறையில் ஒரு செவிலியரிடம் இரண்டு பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது.